பொய்க் கையொப்பத்தில் அரம் வைக்காதீர்கள்

ஜப்பானிய வாளைச் செய்த கொல்லர் தன் பெயரை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைப்பதில்லை. கைப்பிடிக்குள் மறைந்து கிடக்கும் அடித்தண்டில் உளியால் வெட்டி வைக்கிறார். அதைப் பார்க்க வேண்டுமானால், கைப்பிடியின் குறுக்கே செருகியிருக்கும் சிறிய மூங்கில் ஆணியைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு வாளை நிமிர்த்திப் பிடித்து, பிடித்த கையின் மணிக்கட்டில் மறு கையால் மெல்லக் குத்த வேண்டும். இரண்டு மூன்று குத்தில் தண்டு தளர்ந்து மேலே எழும். கருஞ்சிவப்பாகத் துருவேறிய தண்டு. விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தால் துருவுக்குள் இரண்டு எழுத்தோ ஆறு எழுத்தோ தெரியும். வாள் சேகரிப்பவருக்கு அதைவிடப் படபடப்பான நேரம் வேறில்லை.

அந்தப் பெயர் பொய் என்று தெரியவந்தால் பல வாள்களுக்கு நேர்வது இதுதான்: நிபுணர் குழு சான்றிதழ் தர மறுத்துவிடுகிறது. உரிமையாளர் வாளைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவரிடம் எடுத்துப் போகிறார். அவர் எழுத்துகளை அராவி எடுக்கிறார். அராவிய இடம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடாதபடி துருவின் நிறத்தை மறுபடி ஏற்றிக் கொடுக்கிறார். பெயர் இல்லாத வாளாக அது திரும்பவும் குழுவின் முன் போகிறது. இம்முறை இன்ன மரபு, இன்ன காலம் என்று சான்றிதழ் கிடைக்கிறது, விலையும் ஏறுகிறது. வாளின் உடம்பில் இருநூறு, முந்நூறு ஆண்டுகளாக இருந்த ஒரு தடயம் இரும்புத் தூளாகிப் பட்டறைத் தரையில் கிடக்கிறது.

வாள் வணிகத்தில் இது யாரும் வெட்கப்பட்டு ஒளிக்கும் காரியம் அல்ல. சான்றிதழ் வாங்குவதற்கான வழக்கமான படிகளில் ஒன்றாகவே பேசப்படுகிறது. ஆனால் இது தவறு. இந்த வழக்கம் நிற்க வேண்டும். நிறுத்தும் வலிமை, சான்றிதழ் வழங்கும் அமைப்பிடம்தான் இருக்கிறது.

பழைய ஜப்பானிய வாள்களில் பொய்ப் பெயர் அபூர்வம் அல்ல. அது பெருகியது, எடோ காலம் என்று வழங்கும் 1603 முதல் 1868 வரையிலான நீண்ட அமைதியில். போர் ஓய்ந்ததும் வாள் பரிசுப் பொருளாயிற்று. நாட்டை ஆண்ட ஷோகுன் சிற்றரசருக்குக் கொடுப்பதும், சிற்றரசர் ஷோகுனுக்குக் கொடுப்பதும், பதவியேற்புக்கும் திருமணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் கைமாறுவதும் வாள்தான். கொடுக்கிற வாள், கொடுப்பவரின் அந்தஸ்துக்கு ஏற்ற பெயர் தாங்கியிருக்க வேண்டும். புகழ்பெற்ற கொல்லர்களோ சிலர்தான். அவர்கள் செய்தவையும் சிலதான். தேவைக்கும் இருப்புக்கும் நடுவிலிருந்த இடைவெளியை உளி நிரப்பியது.

கொதெத்ஸு என்ற ஒருவரின் கதையே இதற்குப் போதும். முழுப் பெயர் நாகசோனே ஒகிசாத்தோ. முதலில் கவசம் செய்தவர். கவசத்துக்கு வேலையில்லாத காலம் வந்ததும், நடு வயதைக் கடந்த பிறகு எடோ நகருக்கு வந்து வாள் கொல்லரானார். 17ஆம் நூற்றாண்டின் மூன்றாம் கால்பகுதியில் அவர் செய்த வாள்களின் கூர்மை ஊரெல்லாம் பேச்சாயிற்று. உடனே போலிகளும் கிளம்பின. எந்த அளவுக்கு என்றால், ‘கொதெத்ஸுவைக் கண்டால் போலி என்றே நினை’ என்று வாள் ரசிகர்களிடையே ஒரு வழக்கே உண்டாகிவிட்டது. 1860களில் கியோத்தோ தெருக்களில் ஷோகுன் ஆட்சிக்காகப் போரிட்ட ஷின்சென்குமி படையின் தலைவர் கோந்தோ இசாமி, தன்னுடையது கொதெத்ஸு வாள் என்று பெருமையோடு சொல்லிவந்தார். அது உண்மையில் கியோமாரோ என்ற சமகாலக் கொல்லரின் வாள், பொய்ப் பெயர் வெட்டி விற்கப்பட்டது என்றொரு கதை உண்டு. வாள் இன்று கையில் இல்லாததால் கதையைச் சோதிக்க வழியில்லை. ஆனால் இப்படியொரு கதை பிறந்து நிலைத்தது என்பதே அக்காலச் சந்தையின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

கோந்தோவின் காலத்தில் வாழ்ந்த இன்னொருவர், கஜிஹெய் என்ற பட்டப்பெயரால் அறியப்படும் ஹொசோதா ஹெய்ஜிரோ நாவோமித்ஸு. இவரே நல்ல கொல்லர். இவருடைய பெயர் நிலைத்ததோ, பிறருடைய கையொப்பங்களை அச்சாக வெட்டிய திறமையால். பழைய பெருங்கொல்லர் முதல் தன் காலத்தவர் வரை எல்லோருடைய உளி ஓட்டமும் இவர் கைக்கு வந்தது. இவர் வெட்டிய பொய்க் கையொப்பங்களின் படிகள் தொகுப்பாக எஞ்சியுள்ளன. இன்று ஆய்வாளர்கள் அவற்றைப் பயில்கிறார்கள். ஓர் எழுத்தின் வளைவைப் பார்த்து ‘இது கஜிஹெய் கை’ என்று சொல்கிறார்கள். கஜிஹெய் வெட்டிய ஒரு கையொப்பம் இன்று தண்டில் இருக்குமானால், 19ஆம் நூற்றாண்டு எடோவில் எந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது, எந்த மாதிரி வாளை அந்தப் பெயரில் விற்க முடிந்தது, வாங்கியவர் எதை நம்பினார் என்பதற்கெல்லாம் அதுவே சாட்சி. அதை அராவி எடுப்பவர் எந்தக் காகிதத்திலும் கிடைக்காத ஓர் ஆவணத்தை அழிக்கிறார்.

இன்னொரு சிக்கல், எது பொய் என்பதே எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. பெரிய பட்டறைகளில் ஆசானுக்கு வயதாகிக் கை தளரும்போது, மாணவரோ மகனோ வாளைச் செய்து, ஆசானின் பெயரையே ஆசானின் சம்மதத்தோடு வெட்டுவது உண்டு. கியோத்தோவில் ஹொரிகாவா குனிஹிரோவின் பட்டறையிலும், ஹிஸென் நாட்டில் ததயோஷியின் பட்டறையிலும் இப்படி நடந்திருக்கிறது. பெயர் ஆசானுடையது, சம்மட்டி மாணவருடையது. இது மோசடியா? அந்தக் காலத்தவர் அப்படி நினைக்கவில்லை. இன்றைய நிபுணர்களும் இவற்றைப் போலி என்று தள்ளுவதில்லை. அப்படியானால் ஓர் உளி வெட்டைப் பொய் என்று முடிவு கட்டுவதற்கு எவ்வளவு அறிவு வேண்டும், எவ்வளவு நிதானம் வேண்டும்!

கொதெத்ஸுவின் பெயரிலேயே இதைக் காணலாம். புலியைக் குறிக்கும் எழுத்தை அவர் முதலில் கடைசிக் கோடு துள்ளி மேலெழும்படி வெட்டினார். சில ஆண்டுகள் கழித்து அதே எழுத்தைப் பெட்டி போலச் சதுரமாக வெட்டத் தொடங்கினார். இரண்டும் அவருடையவைதாம். ஏராளமான உண்மை வாள்களும் தேதியிட்ட வாள்களும் அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைத்ததால்தான் இந்த மாற்றத்தை ஆண்டுக் கணக்கில் தொடர முடிந்தது. வாள்கள் குறைவாகக் கிடைத்துள்ள ஒரு கொல்லர் விஷயத்தில், நமக்குத் தெரியாத ஒரு எழுத்து வடிவம் வந்தால் என்ன செய்வோம்? போலி என்போம். ஐம்பது ஆண்டு கழித்து இன்னொரு வாள் கண்டெடுக்கப்பட்டு அந்த வடிவமும் அவருடையதே என்று தெரியவரலாம். அதற்குள் அரம் வேலையை முடித்திருந்தால், திருத்திக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

வாளை மதிப்பிடும் கலை கையொப்பத்தில் தொடங்குவதே இல்லை என்பதுதான் இதில் வியப்பு. ஜப்பானில் வாள் பயில்வோர் கூடும் மதிப்பீட்டுக் கூட்டங்களில் தண்டைத் துணியாலோ மரப்பிடியாலோ மூடிவிடுகிறார்கள். அலகு மட்டும் வெளியே தெரியும். ஒவ்வொருவரும் முறை வந்ததும் வாளுக்குத் தலைவணங்கி, அதைக் கையில் எடுத்து, வெறும் பல்பு ஒன்றின் ஒளியில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். பேச்சு கிடையாது; எச்சிலின் ஈரம் பட்டாலும் எஃகில் துருப்புள்ளி விழும். பார்த்து முடித்ததும் கொல்லரின் பெயரைச் சீட்டில் எழுதி நடுவரிடம் நீட்ட வேண்டும். சரியாக இருந்தால் சரி என்ற பதில். கொல்லர் தவறு, ஆனால் அதே பட்டறையைச் சேர்ந்தவர் என்றால் கிட்டத்தட்டச் சரி என்ற பதில். ஊர்வழி சரி, காலம் தவறு என்று தனிப் பதில்கள் உண்டு. எல்லாம் தவறென்றால் இல்லை என்ற ஒற்றைச் சொல். மூன்று வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க முயல வேண்டும்.

தேர்ந்த கண் முதலில் பார்ப்பது வடிவத்தை. குதிரை மேலிருந்து வீசிய காலத்து வாள் நீளமானது, வளைவு கைப்பிடிக்கு அருகிலேயே ஆழமாக விழும், நுனி சிறுத்திருக்கும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அலகு அகன்று, நுனி பெருத்து, அளவு மீறி நீள்கிறது. காலாட்படையின் காலம் வந்ததும் வாள் குறுகுகிறது. அலகு மேல்நோக்கி இருக்க இடுப்பில் செருகப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வளைவு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. வடிவமே இத்தனை சொல்லிவிட்ட பிறகு, அடுத்தது எஃகின் மேனி. மடித்து மடித்து அடித்த எஃகில் மரத்தின் ரேகை போன்ற நெளிவுகள் தெரியும். சில மரபில் பலகையின் நீள் ரேகை, சில மரபில் வெட்டிய மரக் கணுவின் சுழி.

பிறகு தோய்ச்சல் கோடு. களிமண்ணை முதுகில் தடிமனாகவும் அலகில் மெல்லியதாகவும் பூசிக் காய்ச்சி, தண்ணீரில் தோய்க்கும்போது, அலகு மட்டும் கடினமாக இறுகி, இறுகிய எஃகும் இறுகாத எஃகும் சந்திக்கும் எல்லை வெண்மையாகப் படிகிறது. அந்தக் கோடு நேராகப் போகலாம், அலை போலப் போகலாம், கிராம்பு மொட்டுகளை வரிசையாக வைத்தது போலப் பூத்து நிற்கலாம். பிஸென் மரபில் அது பனிமூட்டம் போல மங்கலாக இருக்கும். சகாமி மரபில் கண்ணால் தனித்தனியாக எண்ணக்கூடிய மணிகளாக மின்னும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் தண்டு: துருவின் நிறம், அர வரிகள் எந்தக் கோணத்தில் ஓடுகின்றன, ஆணித் துளை எத்தனை, அது துளைத்ததா குத்தியதா, தண்டின் அடி எப்படி முடிகிறது. எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசி. அலகு சொல்வதும் எழுத்து சொல்வதும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. முரண்பட்டால் எழுத்துதான் தோற்கும்.

இந்த மரபைக் கட்டி எழுப்பியவர்கள் ஹோன்ஆமி குடும்பத்தினர். வாளுக்கு மெருகிடுவதும் மதிப்பிடுவதும் அவர்களுடைய பரம்பரைத் தொழில். எடோ காலத்துக்கு முன் நாட்டை ஆண்ட டொயொடோமி ஹிதெயோஷியின் காலத்தில் அவர்களுடைய சொல்லுக்கு அதிகாரம் வந்தது. மடித்த காகிதத்தில் கொல்லரின் பெயரையும் பொற்காசுக் கணக்கில் விலையையும் எழுதித் தருவார்கள். ஷோகுன் யோஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் நாட்டின் பெயர்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்தவர்களும் அவர்கள்தாம். அந்தப் பட்டியலில் உள்ள மிகப் பெரிய வாள்கள் பலவற்றில் கையொப்பமே இல்லை. நீளமான பழைய வாள்களைப் பிற்காலத் தேவைக்காகக் குறைத்தபோது, அலகின் நுனியைத் தொடாமல் தண்டின் பக்கமிருந்தே வெட்டினார்கள். கையொப்பம் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விட்டது. ஹோன்ஆமியினர் அலகைப் பார்த்து இன்னாருடையது என்று தீர்மானித்து, அதைத் தங்க இழையில் தண்டிலேயே பதித்தார்கள்.

அப்படித் தண்டைக் குறைக்கும்போதும் எழுத்தைக் காப்பாற்ற அந்தக் காலத்தவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிலர் கையொப்பம் உள்ள பகுதியை மெலிதாக்கி, மடக்கி மறுபக்கம் பதித்தார்கள். சிலர் எழுத்துள்ள இடத்தைச் சிறு தகடாக வெட்டியெடுத்து, புதிய தண்டில் குழி வெட்டி உள்ளே பொருத்தினார்கள். இந்த உத்தியைப் பயன்படுத்தி உண்மைக் கையொப்பத்தை வேறொரு வாளில் ஒட்டவைத்தவர்களும் இருந்தார்கள். அது வேறு விஷயம். வாளையே வெட்டத் துணிந்தவர்கள்கூட, அதன் மேலிருந்த நான்கு எழுத்து கெட்டுவிடக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். நாம் அந்தக் கவலையை இழந்துவிட்டோம்.

கையொப்பம் இல்லாதது குறையே அல்ல என்பதற்கு மசாமுனேயைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். காமாகுரா நகரில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வேலை செய்த அவருடைய பெயரில் ஏற்கப்பட்ட கையொப்பமுள்ள வாள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் குத்துவாள்கள். 1896இல் இமாமுரா சோகா என்ற அறிஞர், மசாமுனே என்ற மாபெரும் கொல்லரே கிடையாது, அது பிற்காலத்தார் கட்டிய புகழ் என்ற வாதத்தை யோமியூரி நாளிதழில் கிளப்பிவிட்டார். வாள் உலகம் கொதித்தது. அந்த விவாதம் மசாமுனேயைப் பற்றிய ஆதாரங்களை எல்லோரும் மீண்டும் தேடிப் படிக்க வைத்தது. இன்று அறிஞர்கள் மசாமுனே இருந்தார் என்றே கொள்கிறார்கள். அந்த முடிவுக்கு வர அவர்களுக்கு உதவியவை எஞ்சியிருந்த சில எழுத்துகளும் பழைய படிகளும்தாம். சந்தேகப்பட்ட தலைமுறை அவற்றை அராவி எறிந்திருந்தால் விவாதம் முடிந்தே இருக்காது.

2020இல் ஒகயாமா மாவட்டத்தின் செத்தொஉச்சி நகராட்சி, தனியார் ஒருவரிடமிருந்து சான்சோமோ என்ற வாளை 50 கோடி யென்னுக்கு வாங்கியது. சிறிய ஊர், அவ்வளவு பணம் நகராட்சியிடம் ஏது? நாடு முழுவதிலுமிருந்து மக்கள் நன்கொடையாக அனுப்பிய பணம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்தலைவர் உஎசுகி கென்ஷின் வைத்திருந்த, தேசியப் பொக்கிஷமான அந்த வாளிலும் கையொப்பம் இல்லை. பிறந்த ஊரின் பக்கமே அது திரும்ப வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். 2015இல் வந்த ‘தோகென் ரான்பு’ என்ற இணைய விளையாட்டுக்குப் பிறகு அருங்காட்சியகங்களில் வாளின் முன் மணிக்கணக்கில் நிற்கும் இளம்பெண்கள் கூட்டம் இப்போது ஜப்பானில் சாதாரணக் காட்சி. அவர்களுக்கு வாளின் விலையைவிட அதன் வரலாற்றில் நாட்டம் அதிகம். பழைய சேகரிப்பாளர்கள் சிலர் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியதில்லை.

இன்றைய சான்றிதழ் முறை பிறந்த சூழலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அமெரிக்கப் படை ஆயுதங்களை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னது. அதில் வாளும் அடக்கம். 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் ஜப்பானிய அதிகாரிகளின் இடுப்பில் பார்த்த வாள்கள் பெரும்பாலும் ஆலையில் திரளாகச் செய்யப்பட்டவை. தண்டில் முத்திரை குத்தப்பட்டவை. ஆனால் சில அதிகாரிகள் குடும்பத்து வாளையே ராணுவ உறையில் போட்டு எடுத்துச் சென்றிருந்தார்கள். வீடுகளிலும் கோயில்களிலும் இருந்தவையோ முழுக்கப் பழையவை. வாங்கிக் குவித்த சிப்பாய்க்கு வித்தியாசம் தெரியாது. உருக்கியும் கடலில் கொட்டியும் அழிக்கப்பட்டவை ஏராளம். கப்பலேறி அமெரிக்க வீடுகளின் பரண்களுக்குப் போனவையும் ஏராளம்.

மசாமுனேயின் மிகச் சிறந்த வாளாக மதிக்கப்பட்ட ஹோன்ஜோ மசாமுனேயும் அப்படியே போயிற்று. ஷோகுன்களாக ஆண்ட தோகுகாவா குடும்பத்தின் தலைமுறைச் சின்னமாக இருந்து, 1939இல் தேசியப் பொக்கிஷம் ஆன வாள் அது. 1945 டிசம்பரில் தோகுகாவா இயெமாசா அதை இன்னும் சில வாள்களோடு டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அடுத்த மாதம் அமெரிக்கச் சிப்பாய் ஒருவரிடம் அது கொடுக்கப்பட்டது. பதிவேட்டில் காதால் கேட்டு எழுதிய அவருடைய பெயரை எந்தப் படைப் பட்டியலோடும் பொருத்த முடியவில்லை. இன்றுவரை வாளைக் காணோம்.

இந்தச் சூறையைப் பாதியிலாவது நிறுத்தியவர்கள் ஹோன்மா ஜுன்ஜி, சாத்தோ கான்இச்சி என்ற இரண்டு வாள் அறிஞர்களும், அவர்கள் சொன்னதற்குக் காது கொடுத்த அமெரிக்கக் கர்னல் காட்வெலும். கலை மதிப்புள்ள வாள்களைப் பிரித்தெடுக்க அனுமதி கிடைத்தது. டோக்கியோவின் அகபானேவில் இருந்த கிடங்கிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட வாள்கள் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. உரியவர் கிடைக்காமல் அரை நூற்றாண்டு அங்கே கிடந்தவை, 1995இல் ஒரு சட்டம் இயற்றப்பட்ட பிறகு, 1999இல் நாடெங்கும் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. ஹோன்மாவும் சாத்தோவும் முன்னின்று 1948இல் தொடங்கிய அமைப்புதான் இன்று சான்றிதழ் வழங்கும் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். அவர்கள் காப்பாற்றப் புறப்பட்டது வாளை. காகிதம் அதற்குக் கருவி.

வாள் அயல்நாட்டிலிருந்து மீண்ட கதையும் உண்டு. அதுவும் கண் செய்த வேலை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மருந்து நிறுவனம் நடத்திய வால்டர் காம்ப்டன், பழம்பொருள் கடையில் ஒரு வாளை வாங்கினார். எஃகைப் பார்த்ததுமே இது சாதாரணமல்ல என்று அவருக்குப் பட்டது. ஹோன்மாவுக்கு எழுதிக் கேட்டார். ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்கு உரிய, போருக்குப் பின் காணாமல் போன, குனிமுனே என்ற கொல்லர் செய்த தேசியப் பொக்கிஷ வாள் அது என்று தெரிந்தது. 1960களில் காம்ப்டன் அதை ஒரு காசும் வாங்காமல் ஆலயத்திடம் திருப்பிக் கொடுத்தார். தண்டில் குனிமுனேயின் பெயர் அப்படியே இருந்தது. பரணில் கிடந்த ஆண்டுகளில் யாரும் அதை மணல் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யவில்லை என்பது பெரும் பாக்கியம். தாத்தா கொண்டு வந்த வாளைப் பளபளப்பாக்க ஆசைப்பட்டுத் தண்டின் துருவைச் சுரண்டிய பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எத்தனையோ பேர். துரு போனால் வயதுக்கான சாட்சி போயிற்று. அறியாதவர் அறியாமல் செய்யும் அந்தச் சேதத்தைக் கண்டு துடிக்கும் வல்லுநர் உலகம், அறிந்தவர் அறிந்தே செய்யும் அராவலைப் பொறுத்துக்கொள்வது எந்த நியாயம்?

சங்கத்தின் நிலைப்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பொய்ப் பெயர் உள்ள வாளுக்கு எந்தச் சான்றிதழ் கொடுத்தாலும், வணிகர் அதைக் காட்டி வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெரும் பெயரைச் சொல்லி விற்றுவிடுவார் என்பது அவர்கள் அச்சம். அது வெற்று அச்சம் அல்ல. ஏற்கெனவே சுட்டுக்கொண்ட அனுபவம் அவர்களுக்கு உண்டு. 1982க்கு முன்பிருந்த பழைய சான்றிதழ் முறையில் தகுதியற்ற வாள்களுக்கும் காகிதம் கிடைத்தது. காகிதங்களே போலியாகவும் அச்சாயின. அதனால்தான் புதிய முறை வந்தது. பழைய பச்சைக் காகிதத்தோடு வரும் பெரிய பெயர்களை விவரமறிந்தவர்கள் இன்றும் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். இப்போது அடிப்படைப் பாதுகாப்புத் தகுதி, சிறப்புத் தகுதி, முக்கிய வாள், சிறப்பு முக்கிய வாள் என்று நான்கு படிகள். ஒவ்வொரு படியும் ஏற ஏற விலை எகிறுகிறது. வாள் வாங்குவோரில் பலர் அலகைப் பார்க்கும் முன் காகிதத்தின் படியைக் கேட்கிறார்கள். கண்ணின் வேலையைக் காகிதத்திடம் ஒப்படைத்த சந்தையில், காகிதத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் எழுத்தை அரம் தின்னத்தானே செய்யும்?

ஆனால் ஏமாற்றைத் தடுக்க ஆதாரத்தை அழிக்கத் தூண்டுவது சரியான வழியல்ல. அது ஏமாற்றைத் தடுப்பதும் இல்லை. எழுத்து அராவப்பட்டு, துரு ஏற்றப்பட்டு, பெயரற்ற வாளாகச் சான்றிதழ் பெற்ற பின், அந்தத் தண்டில் முன்பு என்ன இருந்தது என்பது அடுத்து வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. பொய்ப் பெயரோடு இருந்தபோது அவர் ஏமாற வாய்ப்பு இருந்தது. இப்போதோ அவருக்கு உண்மையை அறியும் வாய்ப்பே இல்லை. மேலும், கருவிகள் வளர்ந்துகொண்டே வருகின்றன. நியூட்ரான் கற்றையைச் செலுத்தி வாளை அறுக்காமலே அதன் உள்ளமைப்பைப் படம் பிடிக்கும் ஆய்வுகள் ஜப்பானிலும் பிரிட்டனிலும் நடந்திருக்கின்றன. உளி வெட்டிய பள்ளத்தின் துரு, தண்டின் மற்ற இடத்துத் துருவை விட எவ்வளவு இளையது என்று நாளை யாராவது கணக்கிட்டுச் சொல்லலாம். அப்போது சோதிக்க அந்தப் பள்ளம் இருக்க வேண்டும்.

ஜப்பான் அரசே இதற்கு ஒரு முன்மாதிரியை வைத்திருக்கிறது. அங்கே வாள் வைத்திருக்க உரிமம் மனிதருக்கு அல்ல, வாளுக்கு. மாவட்டக் கல்வி வாரியம் ஒவ்வொரு வாளுக்கும் ஒரு பதிவு அட்டை கொடுக்கிறது. நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, தண்டில் உள்ள எழுத்து எல்லாம் அதில் இருக்கும். எழுத்து உண்மையா பொய்யா என்று அட்டை தீர்ப்புச் சொல்வதில்லை. இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறது. எழுத்தை அராவினால் அட்டையும் வாளும் பொருந்தாமல் போய், அட்டையைத் திருத்தியாக வேண்டும். பழைய அறிஞர்களும் இதே நாகரிகத்தோடு நடந்திருக்கிறார்கள். ஹோன்மாவும் சாத்தோவும் ஒரு வாளைப் பற்றித் தங்கள் கருத்தை வெள்ளை மர உறையின் மேல் தூரிகையால் எழுதிக் கொடுத்தார்கள். கருத்து தவறென்றால் உறையை மாற்றிக்கொள்ளலாம். எஃகை அவர்கள் தொடவில்லை.

சங்கம் செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம்கூட அல்ல. கையொப்பம் இன்னின்ன எழுத்து, அது அந்தக் கொல்லருடையது அல்ல, வாள் இன்ன மரபு, இன்ன காலம் என்று சொல்லும் தனிவகைச் சான்றிதழ் ஒன்றைத் தொடங்கலாம். மற்றச் சான்றிதழ்களோடு யாரும் குழப்பிக்கொள்ளாத நிறத்தில் அதை அச்சிடலாம். இந்த நூற்றாண்டில் எழுத்து நீக்கப்பட்டதாகத் தெரியும் தண்டுகளுக்கு மேற்படித் தகுதி கிடையாது என்று அறிவிக்கலாம். அறிவித்த அன்றே அராவுவதற்கான காரணம் போய்விடும். இன்றைய அடிப்படைச் சான்றிதழிலேயே தண்டின் புகைப்படம் ஒட்டப்படுகிறது. அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத இடம் இருக்கிறது. முதல் வரி: ‘நாகசோனே ஒகிசாத்தோ கொதெத்ஸு என்று வெட்டப்பட்டுள்ளது, அவர் கை அல்ல.’ இரண்டாம் வரி: ‘எடோ நகர வேலை, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கையொப்பம் அதற்குப் பின் சேர்த்தது.’